ஈர விறகு

“ஏணிய எடுத்துரு முனியாண்டி. அது சாஞ்சு நின்னா, மேல என்னமோ இருக்குன்னு காட்டிக் குடுத்துரும்.”

காதர் மைதீன் சொல்லி வாய் மூடுவதற்குள் முனியாண்டி ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாழைக் கூட்டத்துக்குள் அதை எறிந்துவிட்டு, தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான்.

குசினியில் அடுப்புக்கு மேலிருந்த பரணில், கூரையை முட்ட அடுக்கிய ரப்பர் விறகுக்குப் பின்னால் காதர் மைதீனின் மனைவி ஹாஜராவும், பதினாறு வயது மகள் கமர்ஜஹானும் ஒட்டிப் படுத்திருந்தார்கள். கீழே நின்று பார்த்தால் விறகு மட்டுமே தெரிந்தது.

சிரம்பான் டவுனில் சப்பான்காரன் குண்டு போட்ட நேரம், காதர் மைதீனின் சாப்பாட்டுக் கடையில் மதியச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். வடித்தது வடித்தபடி கிடக்க, மூவரும் உடுத்திய துணியோடு கிளம்பியவர்கள். அம்பாங்கானில் தெரிந்தவர் வீட்டில் கொஞ்சம் தங்கி, பிறகு மாட்டு வண்டி பிடித்துப் பெடாஸ் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அங்கே மேட்டு ரப்பர் தோட்டத்தில் முனியாண்டி பால்மரம் சீவுகிறவன். கடைக்கு வாழையிலை கொண்டு வந்து போட்டுப் பழகியவன். “ஒண்ணுன்னா எங்க லயத்துக்கு வந்துருங்க நானா” என்று அவன் எப்போதோ சொன்ன வார்த்தையைத் தவிர அவர்களுக்கு வேறு முகவரி இருக்கவில்லை.

தோட்டத்துத் துரை காரேறிப் போய்விட்டார். கணக்கெழுதும் கிராணி ஆபீசைப் பூட்டிக்கொண்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களில் பாதிக்கு மேல் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

காதர் மைதீன் மட்டும் காட்டுக்கு வர மறுத்தார். ஹாஜராவுக்கு இழுப்பு நோய். ஈரத்தில் ஒரு ராத்திரி படுத்தால் மறுநாள் மூச்சு விட மாட்டாள்.

“நாலு சொவரு இருக்கு, கூரை இருக்கு. கதவச் சாத்திக்கிட்டு சத்தம் காட்டாம இருந்தா, ரோட்டோட போற சப்பான்காரன் ரோட்டோட போயிருவான்” என்று நேற்று அவர் அடித்துச் சொன்னார்.

இன்று காலை, டயர் கழன்ற சைக்கிள்களின் இரும்புச் சக்கரங்கள் சரளைக் கல்லில் உரசும் சத்தம் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பி, தோட்டத்துப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தது.

“நீயும் மேல ஏறியிருக்கணும் முத்தாயி” என்றார் காதர் மைதீன்.

முனியாண்டியின் மனைவி முத்தாயி அடுப்புக் கரியை அள்ளி முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டிருந்தாள். தலைமுடியைக் கலைத்துச் சாம்பலைக் கொட்டினாள். கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டாள்.

“பரண்ல ரெண்டு பேருக்குத்தான் எடம் நானா. அதோட, ரெண்டு ஆம்பள இருக்கற வீட்டுல பொம்பளயே இல்லன்னா அவன் சும்மா போவானா? எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னு குடைய மாட்டான்? ஒருத்தியாவது கண்ணுல படணும். அது நானாவே இருந்துட்டுப் போறேன்.”

சொல்லிவிட்டு அவள் அம்மிக்குப் பக்கத்தில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தாள்.

முன்கதவு உதை வாங்கித் திறந்தது.

முதலில் ஒரு துப்பாக்கி வந்தது. அதன் முனையில் செருகிய கத்தி. அதற்குப் பின்னால் கழுத்துக் கட்டிக்கு அழுக்குத் துணி சுற்றிய ஒருவன். மழையில் ஊறி, சேறு பூசி, தூங்கிப் பல நாளான கண்களோடு இருந்தான். வெளியே அஞ்சடித் திண்ணையில் இன்னும் பலர் சைக்கிள்களைச் சாத்தினார்கள். ஒரு சைக்கிளின் பின்னால் கொன்ற பன்றியொன்று கால் கட்டித் தொங்கியது.

முனியாண்டி இரண்டு கையையும் தூக்கினான்.

கழுத்துத் துணிக்காரன் வீட்டைச் சுற்றிலும் பார்த்தான். அரைகுறை மலாயில் ஒரே சொல் கேட்டான்.

“பெரம்புவான்?”

பொம்பளை எங்கே என்கிறான். முனியாண்டி குசினி மூலையைக் காட்டினான். “பினி சாயா. சாக்கிட்.” என் பெண்டாட்டி, சீக்காளி.

முத்தாயி நெஞ்சு கிழிய இருமினாள். வாயோரம் எச்சில் ஒழுக விட்டாள். அவன் முகம் சுளித்து ஓரடி பின்னால் போனான். ஆனால் அவன் கண் அவளோடு நிற்கவில்லை. குசினிச் சுவரில் ஏறியது. பரண் பக்கம் நகர்ந்தது.

காதர் மைதீனுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது ஒன்றுதான். ஆயுசு முழுக்க அவர் செய்தது அது ஒன்றுதான்.

“தூவான், மாக்கான்? சாயா துக்காங் மாசாக்!” சோறு வேணுமா ஐயா, நான் சமையல்காரன் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். கையால் சோறு பிசைந்து வாயில் போடுவதுபோல் காட்டினார். சிரித்தார்.

கழுத்துத் துணிக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பசித்தவன் கண் அது. கடையில் எத்தனையோ பேரிடம் அவர் பார்த்த கண்.

“மாசாக்” என்றான் அவன். சமை. பிறகு அஞ்சடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். பன்றியை இழுத்துவந்து குசினி வாசலில் போட்டார்கள்.

காதர் மைதீனின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்துவிட்டது.

முனியாண்டி சட்டென்று முன்னால் வந்து குனிந்தான். “நீங்க தொடாதீங்க நானா. அறுக்கறது, கழுவுறது எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க தீய மட்டும் மூட்டுங்க.”

“வெளிய மூட்டிக்குவோம்” என்று காதர் மைதீன் அடுப்புக் கல்லைத் தூக்கப் போனார்.

அவன் துப்பாக்கியால் மழையைக் காட்டினான். பிறகு குசினி அடுப்பைக் காட்டினான். இங்கேதான்.

கீழே கிடந்தது இரண்டு நாள் மழையில் நனைந்த விறகு. காய்ந்தது முழுக்கப் பரணில் இருந்தது. அதுதான் ஹாஜராவுக்கும் மகளுக்கும் முன்னால் சுவராக நின்றது. காதர் மைதீன் ஈர விறகை அடுக்கி, தேங்காய் மட்டையைத் திணித்து ஊதினார். புகை திரண்டு எழுந்தது. எழுந்த புகை நேரே பரணுக்கு ஏறியது.

அவர் ஊதுவதை நிறுத்தினார். ஊதுகுழல் கையிலிருந்து நழுவியது.

‘யா அல்லாஹ். நானேயில்ல அவளுக்கு மூச்ச முட்ட வைக்கிறேன்.’

பரணில் முதலில் புகையின் வாசம்தான் வந்தது. பிறகு கண் எரிந்தது. கமர்ஜஹான் முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். உம்மாவைப் பார்த்தாள்.

ஹாஜரா கண்ணை இறுக மூடியிருந்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளே இழுத்தாள். இழுத்தபோது தொண்டைக்குள் மெல்லியதாய் ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது.

“உம்மா” என்று உதட்டை மட்டும் அசைத்தாள் கமர்ஜஹான்.

ஹாஜரா சேலை முந்தானையைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பரண் பலகை லேசாகக் கிறீச்சிட்டது.

கீழே முத்தாயிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. சீக்காளி போல உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். காய்ந்த மிளகாயையும் மஞ்சளையும் அம்மியில் போட்டுக் குழவியைப் பிடித்தாள். கடகடவென்று அரைக்கத் தொடங்கினாள். நடுநடுவே இருமினாள். ஹாஜராவின் நெஞ்சு இழுக்கும்போதெல்லாம் முத்தாயியின் குழவி ஓங்கி உருண்டது.

சிப்பாய்கள் புகையில் கண்ணைக் கசக்கினார்கள். ஒருவன் திட்டிக்கொண்டே வெளியே போனான். கழுத்துத் துணிக்காரன் மேலே அண்ணாந்து பார்த்தான். பரணில் காய்ந்த விறகு அடுக்கடுக்காக இருப்பது அவன் கண்ணில் பட்டது.

“காயு” என்று மேலே காட்டினான். விறகு. “லெக்காஸ்!” சீக்கிரம்.

காதர் மைதீனும் முனியாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

முனியாண்டி பன்றி ரத்தக் கையை வேட்டியில் துடைத்தான். உரலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினான். பரண் விளிம்பில் அவன் முகம் எட்டியபோது, விறகின் இடுக்கு வழியாகக் கமர்ஜஹானின் கண்கள் தெரிந்தன. அவன் அந்தக் கண்களைப் பார்க்கவே இல்லாததுபோல், மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக உருவினான். உருவிய இடத்தைப் பக்கத்துக் கட்டையைச் சாய்த்து மூடினான்.

“போதுமா தூவான்?”

“லாகி.” இன்னும்.

இன்னொரு வரிசை இறங்கியது. கமர்ஜஹானின் தலைக்குமேல் இருந்த இருட்டு வெளுத்தது. அவள் தலையைத் தாழ்த்திப் பலகையோடு கன்னத்தை அழுத்திக்கொண்டாள்.

“லாகி!”

“நிறுத்துங்கடா!” என்று கத்தினாள் முத்தாயி.

முனியாண்டிக்கு உயிர் போய் வந்தது. முத்தாயி படுக்கிற காம்பராவுக்குள் ஓடினாள். அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பலகைக் கட்டில். புருஷனும் பெண்டாட்டியும் படுக்கிற கட்டில். அதை ஒற்றை ஆளாக இழுத்துவந்து குசினி வாசலில் சாய்த்தாள். பாராங் கத்தியை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். நன்றாகக் காய்ந்த பலகை சிராய் சிராயாகத் தெறித்தது.

“காயு! காயு வேணும்ல ஒனக்கு? இந்தா! வச்சு எரி!”

சீக்காளிக் கிழவி கட்டிலை உடைப்பதைப் பார்த்துச் சிப்பாய்கள் சிரித்தார்கள். கழுத்துத் துணிக்காரனும் சிரித்தான். சிரிப்பில் பரணை மறந்தான்.

கட்டில் பலகை புகையில்லாமல் திகுதிகுவென்று எரிந்தது. அது முடிந்ததும் முனியாண்டி பின்கதவைக் கழற்றினான். பிறகு முன்கதவை. வீட்டுக்கு இப்போது இரண்டு பக்கமும் கதவில்லை.

ஆனால் ஏற்கெனவே ஏறிய புகை பரணை விட்டு இறங்கவில்லை.

ஹாஜராவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவெலும்பு உள்ளே போய் ஒட்டியது. வாயிலிருந்த முந்தானையைக் கமர்ஜஹான் உருவ முயன்றாள். உம்மா விடவில்லை.

கமர்ஜஹான் முடிவு செய்துவிட்டாள். குதித்துவிட வேண்டியதுதான். தான் இறங்கினால் அவர்கள் தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். உம்மாவைத் தூக்கி வெளியே காற்றில் போடுவார் வாப்பா. உம்மா பிழைத்துக்கொள்வாள். அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

ஹாஜராவின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. மூச்சுக்குத் தவிக்கிற உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நகம் சதைக்குள் இறங்கியது. அவள் தலையை அசைத்தாள். கூடாது.

“செத்துப் போயிருவியே உம்மா” என்று அவள் காதுக்குள் அழுதாள் கமர்ஜஹான்.

ஹாஜரா மறுபடியும் தலையை அசைத்தாள்.

மகள் வேறு வழி தெரியாமல் அண்ணாந்து பார்த்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் அத்தாப்புக் கூரை. பழைய ஓலை. மேலே மழையின் சத்தம்.

மல்லாந்து படுத்து, ஓலையின் கட்டுக்குள் விரலை விட்டாள். பிரம்பு விரலைக் கிழித்தது. இன்னும் ஆழமாக விட்டு, அம்மிக் குழவி உருளும்போதெல்லாம் பிடித்து இழுத்தாள். முதல் ஓலை விலகியது. இரண்டாவது மடங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு வானம் தெரிந்தது.

உம்மாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, அவள் முகத்தை அந்த ஓட்டையில் பொருத்தினாள். மழையும் காற்றும் ஒன்றாக ஹாஜராவின் வாயில் இறங்கின. அவள் முந்தானையைத் துப்பினாள். மழையைக் குடித்தாள். காற்றைக் குடித்தாள்.

கீழே காதர் மைதீன் குவாலிச் சட்டியில் கிளறிக்கொண்டிருந்தார். பெலாச்சான் இறால் விழுதும் மிளகாயும் வெங்காயமும் அவர் போட்டது. கறியை முனியாண்டி அள்ளிப் போட்டான். கரண்டியை மட்டும் அவர் பிடித்திருந்தார்.

அடுப்புக் கல்லின்மேல் ஒரு துளி விழுந்து ‘சுர்’ என்றது. இன்னொன்று. அதற்குப் பின் ஒரு சிறு தாரை.

காதர் மைதீன் நிமிரவில்லை. அந்த இடத்தில் கூரை ஒழுகியதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர் தங்கிய நாளெல்லாம் அடுப்படி ஒன்றுதான் நனையாத இடம். அவர் கண்ணில் நீர் கட்டியது. யாரோ மேலே கையை அசைத்திருக்கிறார்கள். யாரோ உயிரோடு இருக்கிறார்கள்.

கழுத்துத் துணிக்காரனும் அந்தத் துளியைப் பார்த்தான். மெல்ல எழுந்தான். அண்ணாந்தான்.

“பாத்தியா? பாத்தியா?” என்று முத்தாயி குழவியை வீசிவிட்டு எழுந்தாள். முனியாண்டியின் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள். “கூரைய மேயி, கூரைய மேயின்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா நீ? கள்ளுக்கடைக்குப் போகத் தெரியுது, ஓல கட்டத் தெரியலையா? சோத்துல தண்ணி விழுது பாரு, கையாலாகாதவனே!”

ஒரு தகர டப்பாவை எடுத்து ஒழுகும் இடத்தில் ‘டங்’ என்று வைத்தாள். முனியாண்டி தலையைச் சொறிந்து நின்றான். பாஷை புரியாவிட்டாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை புரியாத ஊர் உண்டா? சிப்பாய்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கழுத்துத் துணிக்காரன் உட்கார்ந்தான்.

சோறும் கறியும் தயாரானது. காதர் மைதீன் மங்குக் கிண்ணத்தில் பரிமாறி நீட்டினார். கழுத்துத் துணிக்காரன் வாங்கவில்லை. கரண்டியில் கறியை அள்ளி அவர் வாய்க்கு நேரே நீட்டினான்.

நீ முதலில் தின்.

காதர் மைதீனுக்குப் புரிந்தது. விஷம் வைத்திருப்பாரோ என்று பார்க்கிறான்.

“நான் தின்னுறேன் தூவான்! சாயா, சாயா!” என்று முனியாண்டி வாயைத் திறந்துகொண்டு நடுவில் புகுந்தான். துப்பாக்கிக் கட்டை அவன் விலாவில் இடித்தது. அவன் சுவரோடு போய் விழுந்தான்.

கரண்டி அங்கேயே நின்றது.

காதர் மைதீன் கடைக்குள் யாரையும் கள் நாற்றத்தோடுகூட நுழைய விட்டதில்லை. கடை திறக்கும்முன் சுபுஹு தொழாமல் ஒருநாளும் அடுப்பு மூட்டியதில்லை. இப்போது கரண்டியையும், அதற்குப் பின்னாலிருந்த கத்தியையும் பார்த்தார். மேலே பார்க்கவில்லை.

வாயைத் திறந்தார்.

பரணில், விறகு இடுக்கில் கண் வைத்திருந்த கமர்ஜஹானின் முகத்தை ஒரு ஈரக் கை மூடியது. ஹாஜராவின் கை. மூச்சு இன்னும் திரும்பாத நிலையிலும், மகள் அதைப் பார்க்கக் கூடாது என்று அவள் நினைத்தாள். ஆனால் மகள் பார்த்துவிட்டாள்.

காதர் மைதீன் மென்றார். விழுங்கினார். குடல் புரண்டு தொண்டைக்கு வந்தது. இப்போது வாந்தி எடுத்தால் விஷம் என்று நினைப்பார்கள். வீட்டைக் கொளுத்துவார்கள். பல்லைக் கடித்து, வந்ததை உள்ளே தள்ளினார். பிறகு சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தார். “பாகூஸ்” என்றார். நல்லாயிருக்கு.

கரண்டி மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினார்.

பிறகுதான் அவர்கள் சாப்பிட்டார்கள். சட்டியை வழித்துக் காலி செய்தார்கள்.

மழை தணிந்தது. பெரிய ரோட்டுப் பக்கமிருந்து ஊதல் சத்தம் கேட்டது. சிப்பாய்கள் மங்குகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். சைக்கிள்களை இறக்கினார்கள். காதர் மைதீன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். போகிறார்கள். போய்விடுவார்கள்.

வாசலில் கழுத்துத் துணிக்காரன் திரும்பினான். குவாலியைக் காட்டினான். மீந்த அரிசியைக் காட்டினான். பிறகு காதர் மைதீனைக் காட்டினான்.

“இக்கூட்.” கூட வா.

“நானா...” என்று முனியாண்டி முன்னால் வந்தான்.

“சும்மா இரு.” காதர் மைதீன் குவாலியைத் தூக்கினார். அதைச் சாக்கில் கட்டுவதுபோல் குனிந்துகொண்டு, முனியாண்டியிடம் பேசுவதுபோல் சத்தமாகப் பேசினார். அங்கே நின்ற சிப்பாய்களுக்கு அது ஒரு சமையல்காரன் சாமான் ஒப்படைக்கிற பேச்சு.

“மேல வச்ச சாமான அவசரப்பட்டு எறக்கிராத. நாங்க ரோட்டுல ஏறி, சத்தம் சுத்தமா அடங்கட்டும். அப்பறம் நல்லா கடுங்காப்பி வச்சுக் குடு, நெஞ்சு எளகும். சின்னது அழும். அழ விடு, ஆனா வெளிய விட்டுராத. என்ன ஆனாலும் இந்த வீட்ட விட்டுப் போகக் கூடாது. இங்கதான் இருக்கணும். நான் எங்க போனாலும் இந்த வீட்டுக்குத்தான் வழி கேட்டு வருவேன். கேட்டுதா?”

முனியாண்டி தலையை ஆட்டினான்.

“கேட்டுதான்னு கேக்கறேன்ல!” என்று காதர் மைதீன் கத்தினார்.

பரணில் ஒரு கட்டை மெல்ல அசைந்தது. ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம்.

காதர் மைதீனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவில்லாத வாசல் வழியே திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சத்தம் அடங்கி, முனியாண்டியும் முத்தாயியும் ஹாஜராவை இறக்கியபோது அவளால் நிற்க முடியவில்லை. முத்தாயி அவளைத் தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்து, கடுங்காப்பியை மெல்ல மெல்லப் புகட்டினாள். கரியும் கண்ணீரும் கலந்து முத்தாயியின் முகம் கோடு கோடாக இருந்தது.

“எங்க... அவங்க... எந்தப் பக்கம்?” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு இழுத்துக் கேட்டாள் ஹாஜரா.

“தம்பின் ஊர்ப் பக்கமா லாத்தா” என்றான் முனியாண்டி. விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். “சைக்கிள் நடுவுல நடக்க விட்டுக் கூட்டிப் போறானுங்க.”

கமர்ஜஹான் எழுந்தாள். முக்காட்டைக் கட்டினாள். விரல்களிலிருந்து இன்னும் ரத்தம் கசிந்தது.

“நடந்துதான போறாங்க? மரத்துக்குள்ள குறுக்கால ஓடுனா ரோட்டுல புடிச்சிருவேன். காலுல விழுந்தாவது கேக்கறேன். வயசானவரு, விட்டுருங்கன்னு கேக்கறேன்.”

“பாப்பா!” என்று முத்தாயி கையை நீட்டினாள்.

கமர்ஜஹான் வாசலைத் தாண்டிவிட்டாள்.

“நில்லுடி.”

ஹாஜராவின் குரல் அது. உடைந்த குரல். ஆனால் மகள் அப்படியே நின்றாள்.

“ஒங்க வாப்பா... அத வாயில வச்சாங்களே... எதுக்கு வச்சாங்க?”

கமர்ஜஹான் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“நீ போயி... அவனுங்க முன்னால நிக்கிறதுக்கா வச்சாங்க?”

மகள் அங்கேயே மடிந்து உட்கார்ந்தாள். படியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அடக்கி வைத்த அழுகையெல்லாம் அழுதாள். ஹாஜரா தவழ்ந்து போய் அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் அந்த இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருந்தான்” என்றாள் ஹாஜரா மகளின் தலையைத் தடவியபடி. “ஒங்க வாப்பாவ எதுவும் கேக்க மாட்டான். கேட்டா நான் சாட்சி சொல்றேன்.”

முனியாண்டி சட்டென்று கையைத் தூக்கினான். “சத்தம் காட்டாதீங்க.”

எல்லாரும் காது கொடுத்தார்கள். ரோட்டில் சத்தம். இது சைக்கிள் இல்லை. லோரி. ஒன்றன்பின் ஒன்றாக. தோட்டத்து முனையில் ஒன்று வேகம் குறைந்து உறுமியது.

முனியாண்டி பரணைப் பார்த்தான். காய்ந்த விறகு பாதிகூட மிஞ்சவில்லை. கூரையில் ஓட்டை. வீட்டுக்கு முன்னாலும் கதவில்லை, பின்னாலும் இல்லை.

“காட்டுக்கு எறங்கிருவோமா?” என்றான் அவன் தயங்கி. “இங்க இனி மறைக்க ஒண்ணுமில்ல லாத்தா.”

ஹாஜரா அடுப்புச் சுவரைப் பிடித்து எழுந்தாள். கொல்லையில் குவிந்துகிடந்த ஈர விறகைப் பார்த்தாள்.

“அந்த ஈரக் கட்டைய எல்லாம் மேல ஏத்து முனியாண்டி. முன்னால அடுக்கு. இந்தத் தடவ அடுப்ப மூட்டாத.”

“அங்கயா? மறுபடியுமா? மூச்சு நிக்கப் பாத்துச்சே லாத்தா!”

“அவங்க வழி கேட்டு வர்ற வீடு இது” என்றாள் ஹாஜரா. உரலின்மேல் ஒரு காலை வைத்தாள். “புள்ளயத் தூக்கி விடு. நான் மொதல்ல ஏறிக்கிறேன்.”

அவள் பரணின் விளிம்பைப் பிடித்து ஏறினாள். கமர்ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். முத்தாயி மறுபடியும் சாம்பலை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டாள். முனியாண்டி ஒடிந்த விலாவோடு முதல் கட்டையைத் தூக்கினான்.

தோட்டத்து முனையில் லோரி நின்றது. யாரோ தமிழில், முனியாண்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காதர் மைதீனின் குரல் இல்லை அது; சப்பான்காரன் லோரியில் வந்திறங்கிய கிராணியின் குரல்.